சானடோரியத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவிலே

தாம்பரத்தில் பீச் வண்டி ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்தால் முதலில் வருவது சானடோரியம். அடுத்தது குரோம்பேட்டை. ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தில் பாதி காலியாவதற்குள் இரண்டும் வந்து போய்விடும். ஆனால், இந்த இரண்டு ஸ்டேஷன்களும் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ள நம் ஊரில் எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? அதுதான் இந்த வாரச் சமாசாரம்.

'என்னப்பா, ஸ்டேஷன் எப்படி ஸ்டேஷனைச் சந்திக்கும்?' என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சானடோரியம் என்றால் ஆஸ்பத்திரி. 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் காசநோய்க்காரர்களுக்காக ஆரம்பித்தது. டி.பி. வந்தால் நல்ல காற்று, வெளிச்சம், சாப்பாடு, ஓய்வு இவைதான் வைத்தியம் என்று இருந்த காலம். ஊரைவிட்டுத் தள்ளி, அப்போது காடாகக் கிடந்த தாம்பரத்துப் பக்கம் வந்து கட்டினார். பிற்பாடு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் அரசு நெஞ்சக மருத்துவமனையாக நடக்கிறது. நல்ல காற்று மட்டும்தான் இடத்தைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டது.

குரோம்பேட்டை என்றால் எம்.ஐ.டி. 1949-ல் சி.ராஜம் என்ற தொழிலதிபர், தான் குடியிருந்த 'இந்தியா ஹவுஸ்' பங்களாவை விற்று, அந்தப் பணத்தில் ஆரம்பித்த இன்ஜினீயரிங் கல்லூரி. மற்ற இடங்களில் சிவில், மெக்கானிக்கல் என்று இருந்தபோது, இங்கே விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜி என்று புதுசு புதுசாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 1950-களில் ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பையன் இங்கே ஏரோநாட்டிக்கல் படிக்க வந்தார். ஃபீஸ் கட்ட அக்கா தன் நகையை அடகு வைத்தார். பையன் பெயர் அப்துல் கலாம். அவரிடம் பிறகு வருவோம்.

ஆக, ஒரு ஸ்டேஷனில் நெஞ்சு. அடுத்த ஸ்டேஷனில் இன்ஜின். நெஞ்சுக்காரருக்கு இன்ஜின் தெரியாது. இன்ஜின்காரருக்கு நெஞ்சு தெரியாது. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிற படிப்புக்குத்தான் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் என்று பெயர்.

சேலையூரில் தெரிந்தவர் வீட்டுப் பெண் இந்தப் படிப்பில் சேர்ந்தாள். சொந்தக்காரர்கள் ஸ்வீட்டை வாயில் போட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "அப்போ டாக்டரா, இன்ஜினீயரா?"

"ரெண்டுக்கும் நடுவுல, மாமா."

"நடுவுலன்னா நர்ஸாம்மா?"

பாட்டி மட்டும் விவரமானவர். "அதெல்லாம் இருக்கட்டும்டி. என் முழங்கால் வலிக்கு என்ன மருந்துன்னு சொல்லு."

"நான் மருந்து தர மாட்டேன் பாட்டி. முழங்காலே செஞ்சு தருவேன்."

பயோமெடிக்கல் இன்ஜினீயரிங்குக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

★

டாக்டரையும் இன்ஜினீயரையும் ஒரு ரூமில் உட்கார வைத்தால் முதல் தகராறு பாஷையில் வரும். இரண்டு பேரும் இங்கிலீஷ்தான் பேசுவார்கள். ஆனால் வேறு வேறு இங்கிலீஷ்.

'செல்' என்று டாக்டர் சொன்னால் உடம்பில் கோடிக்கணக்கில் இருக்கிற உயிரணு. எலெக்ட்ரானிக்ஸ்காரர் சொன்னால் டார்ச் லைட்டில் போடுகிற பேட்டரி. மாணவன் சொன்னால் கையில் இருக்கிற போன். 'ஸ்ட்ரெஸ்' என்று டாக்டர் சொன்னால், 'கொஞ்சம் லீவு போட்டுட்டு ரெஸ்ட் எடுங்க' என்று அர்த்தம். மெக்கானிக்கல்காரர் சொன்னால், விசையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது. 'கல்ச்சர்' என்றால் லேப்பில் கிருமி வளர்ப்பது. மாணவர்களுக்கோ வருஷா வருஷம் மேடை போட்டு டான்ஸ் ஆடுவது. 'வால்வு' என்றால் ஒருத்தருக்கு இதயம், ஒருத்தருக்குப் பம்ப் செட், வயசான புரொபஸருக்குப் பழைய மர்ஃபி ரேடியோ.

இதை ஜோக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் விஷயம் ஜோக் இல்லை. இந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ள இரண்டு பேரும் பொறுமையாக உட்கார்ந்த இடங்களில்தான் உயிர் பிழைத்திருக்கிறது.

பாருங்கள், ஸ்டெதஸ்கோப் எப்படி வந்தது? 1816-ல் பாரீசில் ரெனே லென்னக் என்று ஒரு டாக்டர். இளம்பெண் ஒருத்தி நெஞ்சு வலி என்று வந்தாள். மார்பில் காதை வைத்துக் கேட்பதுதான் அந்தக் கால வழக்கம். டாக்டருக்குச் சங்கோஜம். ஒரு காகிதத்தைக் குழாய் மாதிரி சுருட்டி வைத்துக் கேட்டார். நேராகக் காதை வைத்ததைவிடத் தெளிவாகக் கேட்டது! மனுஷர் புல்லாங்குழல் வாசிப்பவர், மரத்தைக் கடைந்து குழல் செய்யவும் தெரிந்தவர். அதே கைப்பழக்கத்தில் மரத்திலேயே ஒரு குழாய் கடைந்தார். மருத்துவமும் சங்கீதமும் தச்சுவேலையும் ஒரே ஆளுக்குள் இருந்ததால், மூன்று டிபார்ட்மென்ட் கூட்டு முயற்சிக்கு மீட்டிங் தேவைப்படவில்லை. அந்தக் குழாயால் டி.பி.யைப் பற்றி உலகத்துக்கு நிறையச் சொன்ன லென்னக், 1826-ல் அதே டி.பி.யால் செத்துப்போனார் என்பது சோகம்.

இன்னொன்று நம் ஊருக்கு நன்றாகப் புரியும். கரண்ட் கட். 1957 அக்டோபர் 31. அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரம். இதய ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்குத் துடிப்பு சீராக இருக்க, பேஸ்மேக்கர் பெட்டி ஒன்றைச் சுவரில் இருக்கிற பிளக்கில் சொருகி வைப்பார்கள். அன்றைக்குக் கரண்ட் போயிற்று. ஒரு குழந்தை இறந்துவிட்டது. சர்ஜன் லில்லிஹை, ஆஸ்பத்திரி மிஷின்களை ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஏர்ல் பேக்கன் என்ற எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரைக் கூப்பிட்டு, 'கரண்ட் இல்லாமல் ஓடுகிற மாதிரி ஒன்று செய்ய முடியுமா?' என்று கேட்டார். பேக்கனின் கம்பெனி அப்போது ஒரு கார் ஷெட்டில் நடந்தது. அவருக்கு ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் பார்த்த சர்க்யூட் ஞாபகம் வந்தது. பாட்டுப் படிக்கிறவர்களுக்கு 'டொக் டொக்' என்று தாளம் போட்டுக் காட்டுகிற மெட்ரோனோம் கருவியின் சர்க்யூட். நாலே வாரத்தில், கையடக்கப் பெட்டியில் பேட்டரி பேஸ்மேக்கர் தயார். நாய்க்கு வைத்துச் சோதித்தார்கள். மறுநாள் பேக்கன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது ஒரு குழந்தையின் நெஞ்சோடு இணைந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

சர்ஜன் இன்ஜினீயரின் டெலிபோன் நம்பரை வைத்திருந்தார். கதையே அவ்வளவுதான்.

சி.டி. ஸ்கேன்? அதைக் கொண்டுவந்த காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்டு வேலை பார்த்தது இ.எம்.ஐ. கம்பெனியில். நம் வீட்டுப் பழைய இசைத்தட்டுகளில் நாய் உட்கார்ந்து பாட்டுக் கேட்குமே, அந்த எச்.எம்.வி.யின் தாய்வீடு. 1979-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை வாங்கிய இரண்டு பேரில் ஹௌன்ஸ்ஃபீல்டு இன்ஜினீயர், கார்மாக் பௌதிகக்காரர். இருவருமே மருந்துச்சீட்டு எழுதுகிற டாக்டர் இல்லை!

★

'அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நம்ம கதை என்ன?' என்பீர்கள். நம்ம கதை இன்னும் கெட்டி. திருவனந்தபுரம் போக வேண்டும்.

ருமாட்டிக் காய்ச்சல் என்று ஒன்று. குழந்தைக்குத் தொண்டையில் புண் வரும். நெரிசலான வீடு, கையில் காசில்லை, கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். பிறகு மூட்டு வலிக்கும். அதுவும் போய்விடும். ஆனால் சில குழந்தைகளுக்கு உள்ளே இதய வால்வை அரித்துவைத்துவிடும். இருபது வயதில், முப்பது வயதில், மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கும். வால்வை மாற்ற வேண்டும். இறக்குமதி வால்வு வாங்க ஏழைக்கு எங்கே வசதி?

1974-ல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கு டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் பொறுப்பேற்றார். இதய சர்ஜன். வால்வை இங்கேயே செய்வோம் என்றார். ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டடம் என்றால் ஆராய்ச்சிக்கு ஒரு அரண்மனை. நிஜ அரண்மனை, பூஜப்புராவில் சாட்டல்மண்ட் மாளிகை. அங்கே ஜி.எஸ்.புவனேஷ்வர் முதலான இன்ஜினீயர்களும், உலோகம் தெரிந்தவர்களும், ரசாயனம் தெரிந்தவர்களும், மிருக வைத்தியர்களும் சேர்ந்தார்கள்.

வேலை என்ன லேசுப்பட்டதா? இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. வருஷத்துக்கு 3.5 கோடிக்கு மேல். அத்தனை தடவையும் வால்வு திறந்து மூட வேண்டும். தேயக்கூடாது, ஒடியக்கூடாது, ரத்தம் அதில் உறையக்கூடாது. நம் வீட்டு பாத்ரூம் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடியே மழைக்காலத்தில் என்ன பாடு படுத்துகிறது!

முதல் மாடல் தோற்றது. இரண்டாவது தோற்றது. மூன்றாவதும் தோற்றது. உலோகத் தண்டு ஒடிந்தது ஒரு தடவை. டைட்டானியம் தேய்ந்தது ஒரு தடவை. நீலக்கல்லில் தட்டு செய்து ஆட்டின் இதயத்தில் வைத்தார்கள். நவரத்தினத்தில் ஒன்று, கெட்டியான கல். அது உள்ளேயே உடைந்துபோனது. சனிதோஷத்துக்கு நீலக்கல் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, ஆட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் மற்றவர்களாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? 'டிசைன் சரியில்லை' என்று டாக்டரும், 'வச்ச விதம் சரியில்லை' என்று இன்ஜினீயரும் ஆளுக்கொரு கடிதம் எழுதியிருப்பார்கள். நகல்: இயக்குநர் அலுவலகம். இவர்கள் உடைந்த துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒன்றாகப் பார்த்தார்கள்.

நாலாவது மாடலில் நீலக்கல்லைத் தூக்கிவிட்டு பிளாஸ்டிக் தட்டுக்கு வந்தார்கள். பாலிஎத்திலீன்தான். ரங்கநாதன் தெருவில் துணிக்கடைக்காரர் கொடுத்த கேரி பேகின் ஒன்றுவிட்ட அண்ணன். ஆனால் மூலக்கூறுச் சங்கிலி பல மடங்கு நீளம். அதனால் லேசில் தேயாது, சத்தம் போடாது. 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். நம்ம சென்னை டி.டி.கே. கம்பெனி அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. இறக்குமதி வால்வைவிட விலை மிகக் குறைவு. இதுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சுகளுக்குள் அது 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில், 90 வயதில் காலமானார். மூன்று தோல்விக்குப் பிறகும் அந்த டீம் பிரியவில்லை. அவர் சேர்த்துவைத்துவிட்டுப் போன சொத்தில் பெரிய சொத்து இதுதான் என்பேன்.

★

இப்போது குரோம்பேட்டைப் பையனிடம் வருவோம். கலாம் ஹைதராபாத்தில் ஏவுகணை செய்துகொண்டிருந்த காலம். அக்னிக்காக மிக லேசான, மிக உறுதியான ஒரு பொருளைச் செய்து வைத்திருந்தார்கள். நிஜாம் மருத்துவ நிலையத்திலிருந்து எலும்பு டாக்டர் ஒருவர் லேப்பைப் பார்க்க வந்தார். அந்தப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். மற்றவர்களாக இருந்தால் 'பேஷ், நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் கலாமைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே போலியோ மாதிரியான காரணங்களால் கால் சூம்பிய சின்னப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பர். நடக்கவில்லை, இழுத்துக்கொண்டு போனார்கள். கலாம் திரும்பி வந்தார். மூன்று வாரத்தில், 300 கிராமில் காலிப்பர் தயார். பிள்ளைகளால் நம்ப முடியவில்லை. பெற்றவர்கள் கண்ணில் தண்ணீர். தன் வாழ்க்கையின் பெரிய ஆனந்தங்களில் ஒன்று என்று இதைக் கலாம் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கவனியுங்கள். பொருள் ஏற்கெனவே இருந்தது. நோயும் ஏற்கெனவே இருந்தது. ஒரே ஊரில் இருந்தன. ஒரு டாக்டர் லேப்புக்குள் எட்டிப் பார்க்கும் வரைக்கும் அந்தப் பிள்ளைகள் இரும்பை இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நம் ஊரில் இப்படி இன்னும் சந்திக்காத ஜோடிகள் எத்தனையோ! அதை நினைத்தால்தான் எனக்குப் பகீர் என்கிறது.

★

சரி, கிண்டியில் இறங்குவோம். ஐ.ஐ.டி.யில் 1970-களிலேயே தன்ஜூ கிஸ்தா என்ற பேராசிரியர் பயோமெடிக்கல் பிரிவை ஆரம்பித்தார். அது வெகுகாலம் அப்ளைடு மெக்கானிக்ஸ் துறையின் வீட்டுத் திண்ணையில் குடியிருந்தது. இப்போது வீட்டு வாசல் போர்டிலேயே பெயர் ஏறிவிட்டது. 'அப்ளைடு மெக்கானிக்ஸ் மற்றும் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் துறை'.

திண்ணையிலிருந்து போர்டுக்கு வர ஏன் இத்தனை காலம்? நம்ம பல்கலைக்கழகங்களின் ஜாதகம் அப்படி. வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டால் முதல் கேள்வி, 'சார் எந்த பிராஞ்ச்?' பி.இ. ஒரு துறை, எம்.டெக். ஒரு துறை, பிஎச்.டி. எலும்பு தேய்வதைப் பற்றி என்றால், கமிட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இவரைப் பற்றி ரெண்டு டிபார்ட்மென்ட்டும் பேசும். டாக்டர் ஒருவர் இன்ஜினீயரிங் காலேஜில் வாரம் இரண்டு நாள் பாடம் எடுக்கிறேன் என்றால், சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கிளார்க் ஆறு மாசம் யோசிப்பார்.

இந்த வேலிகளைத் தாண்டி நம்ம பக்கம் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினீயரிங் எம்.டெக். நடத்துகின்றன. ஒரே பட்டம், மூன்று மாமியார் வீடு. மாணவன் ஆபரேஷன் தியேட்டருக்கு உள்ளேயும் போயாக வேண்டும், கணக்கும் போட்டாக வேண்டும். 2023-ல் ஐ.ஐ.டி. இன்னும் ஒருபடி போய், மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை என்று தனியாகவே ஆரம்பித்து, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நாலு வருஷப் படிப்பும் வைத்தது.

அதே வளாகத்தில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசனின் மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அவர் மெக்கானிக்கல் துறை. 2019-ல் சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் கம்பெனியோடு சேர்ந்து 'அரைஸ்' என்ற சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்திருப்பவர் தானே அதை நிமிர்த்தி எழுந்து நிற்கலாம். 'நிற்பதில் என்ன இருக்கு?' என்று நிற்க முடிந்தவர்கள்தான் கேட்போம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் தோலில் புண் வரும், எலும்பு பலவீனமாகும், ரத்த ஓட்டம் மந்தமாகும். அதைவிட, எதிரே வருகிற மனுஷனை அண்ணாந்து பார்க்காமல் கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம். இந்தக் கடைசி லாபத்தை எந்த டெஸ்ட் ரிப்போர்ட்டும் காட்டாது.

2022-ல் அதே மையம் 'கடம்' என்ற செயற்கை முழங்காலை வெளியிட்டது. பாட்டிக்கு அல்ல, காலை இழந்தவர்களுக்கு. கூட்டாளிகள் பெங்களூர் மொபிலிட்டி இந்தியாவும், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ் வருகிற சொசைட்டி ஃபார் பயோமெடிக்கல் டெக்னாலஜியும். ஏவுகணைக்காரர்களின் அறிவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர 1993-ல் தொடங்கிய அமைப்பு அது. கலாம் போட்ட பாதை.

அந்த முழங்கால் 160 டிகிரி வரைக்கும் மடங்குமாம். ஏன் அவ்வளவு? பஸ்ஸிலும் ஆட்டோவிலும் இடுக்கிக்கொண்டு உட்கார வேண்டுமே! ஜெர்மன்காரன் செய்கிற முழங்காலுக்கு மேற்குத் தாம்பரம் ஷேர் ஆட்டோ தெரியாது. நம்ம ஊர் இன்ஜினீயருக்குத் தெரியும். பின் சீட்டில் நாலு பேர், முன்னால் டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர், அதற்கு மேல் 'இன்னும் ஒரு ஆள் தள்ளி உக்காருங்க சார்' என்கிற குரல். நோயாளி எங்கே வசிக்கிறார், எதில் போகிறார், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று கேட்பதும் ஆராய்ச்சியில் சேர்ந்ததுதான். அதைக் கேட்காமல் செய்த கருவிகள் எத்தனை ஆஸ்பத்திரி மூலைகளில் துணி போர்த்திக்கொண்டு நிற்கின்றன!

★

இப்போதெல்லாம் தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனாலும் சரி, அந்தப் பக்கம் ஓ.எம்.ஆரில் போனாலும் சரி, பயோமெடிக்கல் சொல்லித்தருகிற கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அட்மிஷன் சமயத்தில் அப்பாக்கள் விசாரிப்பது மூன்று விஷயம். ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, ஃபீஸ் தவணை உண்டா, பிளேஸ்மென்ட் எவ்வளவு பர்சன்ட். மூன்றும் நியாயமான கேள்விகள்தான். கூடவே இன்னும் மூன்று கேட்டு வாருங்கள்.

ஒன்று, பாடம் எடுப்பவர்களில் டாக்டர் யாராவது உண்டா? இரண்டு, பிள்ளை எந்த வருஷத்தில் முதல் தடவையாக வார்டுக்குள் போய் ஒரு நோயாளியோடு பேசும்? மூன்று, இங்கே மாணவர்கள் செய்த ஏதாவது ஒன்று ஷோ கேஸில் இல்லாமல், ஒரு மனுஷர் உடம்பில் இருக்கிறதா?

பதில் சொல்பவர் 'எங்ககிட்ட பத்து ஆஸ்பத்திரியோட ஒப்பந்தம் இருக்கு சார்' என்று ஃபைலைத் திறந்து காட்டுவார். காட்டட்டும். பொறுமையாகப் பார்த்துவிட்டு, எழுந்திருக்கும்போது மெதுவாகக் கேளுங்கள்:

"எல்லாம் சரி சார். உங்க புரொபஸரும் அந்த ஆஸ்பத்திரி டாக்டரும் கடைசியா எப்போ ஒண்ணா உக்காந்து டீ சாப்பிட்டாங்க?"

'போன வாரம்' என்று பதில் வந்தால், தாராளமாக ஃபீஸ் கட்டலாம்.